மண் போடலாமா என்று கேட்டார்

இளம் பொறியியலாளர்களே, நிலக்கீழ் மாடியின் தாங்குசுவரை எப்படிக் கணக்கிடுவது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தைத் திறக்கப் பஞ்சிப்படுபவர்களுக்குக் கணினியில் இருக்கிறது. நான் எழுத வந்தது கணக்குச் சரியாக இருந்த ஒரு சுவரைப் பற்றி. அதை மூன்று பேர் சரிபார்த்தோம், மூன்று பேரும் கையெழுத்து வைத்தோம். பிழையாய்ப் போனது ஒரு தொலைபேசிப் பேச்சு. அது ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

கல்முனை வீதியோரம், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் ஊர்களில் ஒன்று. பெயர் வேண்டாம். ஊர்க்காரர் படித்தால் தங்கள் ஊரை அறிந்துகொள்வார்கள், மற்றவர்களுக்கு அது தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் அங்கே மூன்று மாடிக் கடைத்தொகுதி கட்டினார். வாகனம் நிறுத்த நிலத்துக்குக் கீழே ஒரு மாடி வேண்டும் என்றார். அந்த ஊரில் அப்போது வாகனங்கள் வேப்பமர நிழலில் இலவசமாக நின்றுகொண்டிருந்தன. வாவிக்கரையில் நிலத்தைத் தோண்டி அறை கட்டினால் அடுத்த மாரியில் அது ஓடமாகப் பார்க்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் வெளிநாட்டில் அப்படிப் பல ஓடங்களில் கார் நிறுத்தியிருக்கிறாராம்.

சரி என்று வரைந்தேன். மாரியில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று ஊர்க் கிணறுகளில் விசாரித்துக் குறித்தேன். தண்ணீரின் தள்ளுதலுக்கு, மிதப்புக்கு, உப்புக்கு எல்லாவற்றுக்கும் இடம் வைத்தேன். அந்த வரைபடத்தை இப்போது எடுத்துப் பார்த்தாலும் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது. அதில் ஒரு வரி குறைவு. அந்த வரிதான் இந்தக் கதை.

அந்தச் சுவர் பத்தடி உயரம். அதை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு மனிதன் காலை ஊன்றி, தலைக்கு மேலே ஒரு உத்தரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். முதுகில் மண் தள்ளுகிறது. காலும் கையும் சேர்ந்து தாங்குகின்றன. கை பிடித்திருக்கும் அந்த உத்தரம்தான் தரைமட்டத்துக் கொங்கிறீட் தட்டு. தட்டுப் போட்ட பிறகு சுவருக்குப் பின்னால் மண் நிரப்பினால் அவன் நூறு வருடம் நிற்பான். தட்டுப் போடுவதற்கு முன்பே மண்ணை நிரப்பினால், பிடிக்க ஒன்றுமில்லாமல் காலின் பலத்தில் மட்டும் நிற்கவேண்டும். அதற்கு வேண்டிய கம்பியை நான் அவனுடைய காலில் வைக்கவில்லை. தேவையில்லையே. தட்டு வந்த பிறகுதானே மண் போடுவார்கள், அது யாருக்குத் தெரியாது? எல்லோருக்கும் தெரிந்ததை வரைபடத்தில் எழுதுவது அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைவாகவும் தோன்றியது.

கட்டடத்தின் மேற்குப் பக்கம் ஒரு ஒழுங்கை, சின்னத் தெரு. அதன் முடிவில் கண்ணகை அம்மன் கோயில். வருடத்தில் வைகாசிச் சடங்குக்கு மட்டும் கதவு திறக்கும் கோயில் அது. சடங்கில் ஒரு நாள் கல்யாணக்கால் வரும். மரத்தில் கிளை வெட்டி, பட்டுச் சுற்றி, ஊர்வலமாகக் கொண்டுவந்து கோயிலில் நடுவார்கள். அது அந்த ஒழுங்கையால்தான் வரவேண்டும். நாங்கள் நிலக்கீழ் மாடிக்குக் கிடங்கு வெட்டியபோது ஒழுங்கையில் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டோம். சடங்குக்கு முன் பாதையைத் திருப்பித் தருவதாக உரிமையாளர் கோயில் வண்ணக்கரிடம், அதாவது நிர்வாகத் தலைவரிடம், வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கு அது தெரியாது. நான் கேட்கவுமில்லை. கம்பியின் தடிப்பைக் கேட்டவன், பக்கத்து ஒழுங்கையில் யார் நடக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

தளத்தில் வேலையை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவர் வாகரைக்காரர். கம்பி கட்டும் வேலையில் தொடங்கி மேலே வந்தவர், ஐம்பது வயது, என்னைவிட மூத்தவர். சித்திரை முடிவில் ஒரு நாள், நான் நகரத்தில் ஒரு கூட்டத்தின் நடுவில் இருந்தபோது தொலைபேசியில் அழைத்தார்.

"சேர், மேற்குச் சுவர் போட்டு இருவத்தெட்டு நாள் ஆகிற்று. மண் போடலாமா?"

"கொங்கிறீட் கியூப் உடைச்சுப் பாத்ததா?"

"ஓம் சேர். நல்ல றிசல்ட்."

"அப்ப என்ன, போடுங்க."

அவ்வளவுதான். அவர் கேட்டது மண் போடலாமா என்று. நான் பதில் சொன்னது கொங்கிறீட் இறுகிவிட்டதா என்ற வேறொரு கேள்விக்கு. அந்தக் கேள்விக்கு எனக்கு எப்போதும் பதில் தெரியும் என்பதால், கேட்ட கேள்வியை அதுவாக மாற்றிக்கொண்டேன். கற்றவர்களுக்கு வரும் நோய் இது. உங்களுக்கும் வரும்.

மூன்று வாரம் கழித்துத் தட்டுக்கான ஆயத்தத்தைப் பார்க்கப் போனேன். கல்யாணக்காலுக்கு இரண்டு நாள் இருந்தது. ஒழுங்கை முழு அகலத்துக்கு, கிரவல் போட்டு, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, கண்ணாடிபோல் கிடந்தது.

"ஊர்ப் பொடியன்கள்தான் சேர்," என்றார் ஓவசியர், பெருமையாக. "சிரமதானம். நாலு நாள் நிண்டு நிரப்பினவங்கள். கூலி எண்டு ஒரு சதம் வாங்கல்ல."

நான் சுவரின் உச்சியைப் பார்த்தேன். தட்டு இன்னும் போடவில்லை. உள்ளே கிடங்கில் பதினொரு பேர் தட்டுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் மூலையிலிருந்து மூலைக்கு நூல் இழுத்துக் கட்டியிருந்தது. இரண்டு மூலையிலும் நூல் சுவரின் உள்விளிம்போடு ஒட்டி நின்றது. நடுவில் சுவர் நூலை விட்டு உள்ளே போயிருந்தது. இரண்டு விரலை வைத்தேன், இரண்டும் போயின.

"பலகை அடிக்கேக்க வளைஞ்சிரிக்கும் சேர்."

இருக்கலாம். எல்லாச் சுவரும் கொஞ்சம் வளைவுதான், கட்டியவர்களைப்போல. பென்சிலை எடுத்து, நூலுக்கு நேர் கீழே சுவரின் உச்சியில் ஒரு கோடு போட்டேன். அந்த நேரம் கோயில் வேலைக்குத் தண்ணீர்ப் பவுசரை இழுத்துக்கொண்டு ஒரு உழவு இயந்திரம் புதுப் பாதையால் போயிற்று. ஓட்டியவர் எங்களுக்குக் கையும் காட்டினார். அது போன பிறகு குனிந்து பார்த்தேன். நூலுக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரு நெல் கிடக்கும் அளவு இடைவெளி. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். சுவர் பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை.

ஓவசியரும் பார்த்தார். நான் அவரிடம் திரும்பினேன்.

"கீழ நிக்கிற ஆக்கள மேல எடுங்க. சாமானை விட்டிட்டு வரச் சொல்லுங்க."

"சேர், மரம் வெச்சு முட்டுக் குடுத்தா..."

"ஆர் வைக்கிறது? சுவருக்குக் கீழ நிண்டு வைக்கோணும். முதல்ல மேல எடுங்க."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டுக் கொடுப்பது நல்ல யோசனைதான். ஆனால் சாய்ந்துகொண்டிருக்கும் சுவருக்கு முட்டு வைக்க ஒருவரை அதன் கீழே அனுப்புவது, யோசனையை விட்டுவிட்டு நேர்த்திக்கடன் வைப்பது. சுமையை இறக்கிய பிறகுதான் முட்டு. அதுவும் இயந்திரத்தால் முடியாது. மண் தோண்டும் பெக்கோவைக் கொண்டுவந்து அந்த மண்மேல் நிறுத்தினால், அந்தச் சுவர் காத்துக்கொண்டிருக்கும் கடைசிச் சுமையை நாமே கொண்டுவந்து வைத்ததாகும். கையால்தான் எடுக்கவேண்டும். நாலு நாள் நின்று நிரப்பிய அதே கைகளால்.

பாதையின் இரண்டு முனையிலும் தடிகளைக் குறுக்கே கட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனோம். வண்ணக்கர் மண்டபத்தில் வாழைக்குலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னிச்சைப் பக்கம் வயல் செய்பவர், எழுபதுக்குக் கிட்ட வயது, மெல்லிய உடம்பு, உரத்த குரல். சுற்றி ஏழெட்டு இளைஞர்கள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நிரப்பியவர்கள் அவர்கள்தான் என்பது அவர்களுடைய கைக் கொப்புளங்களில் தெரிந்தது.

நான் விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன் என்று நினைக்கிறேன். தாங்குசுவர், தட்டு, மண்ணின் தள்ளுதல் எல்லாம் சொன்னேன். போட்ட மண்ணைத் திரும்ப எடுக்கவேண்டும் என்றேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"அப்ப மண்ணைப் போடச் சொன்னது ஆர்?"

ஓவசியர் என் பக்கத்தில்தான் நின்றார். நிலத்தைப் பார்த்தார். அந்தத் தொலைபேசிப் பேச்சுக்கு எழுத்து இல்லை, சாட்சி இல்லை. அவர் வாயைத் திறக்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. கம்பி கட்டி மேலே வந்தவர்கள் பொறியியலாளரைப் பற்றிப் பொது இடத்தில் அப்படிப் பேசுவதில்லை. அவர்களுடைய தற்காப்பு அது. நமக்கு அது பல காலமாக வசதியாக இருந்திருக்கிறது.

"நான்தான்," என்றேன். "இவர் போன்ல கேட்டவர். நான் யோசிக்காமப் போடச் சொல்லிற்றன்."

தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் கயிற்றைக் கீழே போட்டான். "போடச் சொன்னாப் போடுறம், எடுக்கச் சொன்னா எடுக்கிறம். நாங்க என்ன கோழியா சேர், மண்ணைக் கிளறிக்கொண்டிரிக்க?"

சிரித்தார்கள். வண்ணக்கர் சிரிக்கவில்லை.

"பவுசர் போன. மெசின் போன. நேத்து உருளை போன. விழல்லயே. அம்மாள்ற கால் போக மட்டும் விழுந்திருமா?"

"விழும் எண்டு சொல்லல்ல ஐயா. விழாது எண்டு சொல்ல ஏலாது."

"இது என்ன கதை? எஞ்சினியர் எண்டா ஒண்டு ஓம் எண்டோணும், இல்லாட்டி இல்ல எண்டோணும்." அவர் எழுந்து நின்றார். "கால் வாற நேரம் அந்தப் பாதையில முன்னூறு பேர் வருவாங்க. பொம்புளையள் குரவை போட்டுக்கொண்டு வருவாங்க. எங்கட அப்பன் காலத்தில இருந்து அந்த வழிதான். நீங்க ஒண்டு செய்யுங்க. கால் போற நேரம் உங்கட கிடங்குக்குள்ள, அந்தச் சுவருக்குக் கீழ, நீங்க நில்லுங்க. எஞ்சினியர் கீழ நிக்கிறார் எண்டா நாங்க பயமில்லாம மேல போவம்."

இளைஞர்கள் ஓம் ஓம் என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. நெஞ்சை நிமிர்த்தி "நிக்கிறன்" என்று சொல்ல மிகவும் ஆசையாக இருந்தது. பிழைவிட்ட ஒருவனுக்கு அதைவிடச் சுலபமான பிராயச்சித்தம் கிடைக்காது. அது நல்ல காட்சியாகவும் இருந்திருக்கும். ஊர் பல வருடம் பேசியிருக்கும். ஆனால் நான் கீழே நிற்பதால் சுவரின் காலில் ஒரு கம்பிகூட அதிகமாகாது. மேலே முன்னூறு பேர் நிற்பார்கள், கீழே ஒரு வீரன் நிற்பான். சுவருக்கு வீரனைத் தெரியாது.

"நிக்க மாட்டன்," என்றேன்.

"என்ன?"

"நிக்க மாட்டன் ஐயா. எனக்குப் பயமாயிரிக்கு."

யாரோ ஒருவன் சிரிக்கத் தொடங்கி, மற்றவர்கள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டான். என் வாழ்க்கையில் வெட்கப்பட்ட இடங்களை வரிசைப்படுத்தினால் அந்த மண்டபம் முதலில் வரும்.

வண்ணக்கர் வாழைக்குலைகளின் பக்கம் திரும்பினார். பிறகு திரும்பவும் உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"நிக்கிறன் எண்டு சொல்லுவீங்க எண்டுதான் நினைச்சன். சொல்லியிருந்தா நான் ஆக்களக் கூட்டிக்கொண்டு போயிருப்பன்." ஒரு வாழைக்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு வைத்தார். "கட்டினவரே கால் வைக்காத இடத்துக்கு மேல ஊர்ப் புள்ளைகள எப்பிடி நடத்திற? டேய், மண்வெட்டியள எடுங்கடா."

அன்று பின்னேரமே தொடங்கினார்கள். சுவரின் முழு நீளத்துக்கும் ஒரேயளவாக, ஒவ்வொரு அடியாக, சுவரோரம் கூட்டமாக நிற்காமல் எடுக்கவேண்டும் என்று காட்டினேன். கூடையில் அள்ளி, பிரதான வீதியில் நின்ற உழவு இயந்திரப் பெட்டிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஒரு மண்வெட்டியை எடுத்தேன். கோழிக் கதை சொன்னவன் வந்து வாங்கிக்கொண்டான். "நீங்க நூலைப் பாருங்க சேர். அதையாவது வடிவாப் பாருங்க."

பார்த்தேன். இருட்டும்வரை பார்த்தேன், விடிந்ததும் பார்த்தேன். ஒவ்வொரு அடி இறங்கியதும் குனிந்து என் பென்சில் கோட்டைத் தேடினேன். பாதி மண் போன பிறகும் சுவர் முன்பிருந்த இடத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் மேலும் உள்ளே போகவுமில்லை. அடுத்த நாள் மதியத்துக்கு முன் சுவரின் பாதி உயரத்துக்கு மண் இறங்கிச் சரிவாகக் கிடந்தது. அதன் பிறகுதான் தச்சு வேலை செய்யும் இரண்டு ஓடாவிமாரைக் கீழே இறக்கி முட்டுகளை வைக்கச் சொன்னேன்.

ஒழுங்கையில் வெட்டுப்படாத பழைய நிலம் ஒரு ஆள் நடக்குமளவு மிஞ்சியிருந்தது. வண்ணக்கர் அதைப் பார்த்தார்.

"கால் இதாலதான் போகோணும். மத்த ஆக்கள் றோட்டால சுத்தி வரட்டும். காலோட எத்தின பேர் போகலாம்?"

கணக்குப் பார்த்தேன். மூன்று தடவை. தாளில் எழுதினேன்: தூக்குபவர்கள் நால்வர், உடுக்கடிப்பவர் ஒருவர், ஒருவர் பின் ஒருவராக, சரிவின் பக்கம் கால் வைக்காமல். கீழே கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

அவர் அதை மடித்து இடுப்பில் செருகினார். "அம்மாளுக்கும் பெர்மிட் எழுதுற காலம் வந்திற்று."

கல்யாணக்கால் வந்தது. ஐந்து பேர் அந்த ஒடுங்கிய நிலத்தால், பூனைபோல் அடிவைத்துப் போனார்கள். முன்னூறு பேர் வைகாசி வெயிலில் பிரதான வீதியால் சுற்றி வந்தார்கள். கல்முனை பஸ் இரண்டு நின்று வழிவிட்டன. பெண்கள் குரவை போட்டார்கள், இடைவெளிகளில் என்னை ஏசினார்கள். குழந்தையைத் தோளில் போட்டிருந்த ஒரு பெண் என்னை அடையாளம் தெரியாமல் என்னிடமே சொன்னாள்: "ஆரோ ஒரு எஞ்சினியராம். மண் போடவும் தெரியாது, எடுக்கவும் தெரியாது. தார் சுடுகுது. அவனை இதில வெறுங்காலோட நடக்க விடோணும்." நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்துகொண்டிருந்தேன். சுடத்தான் செய்தது.

சடங்கு முடிந்து மிச்ச மண்ணையும் எடுத்தபோது, சுவரின் அடியில், மண் பக்கத்தில், நீளத்துக்கு ஒரு வெடிப்பு. ஒரு சத நாணயக் குற்றியைச் செருகினேன். நின்றது. ஓவசியரும் நானும் அதன் முன்னால் குந்தியிருந்தோம். ஊரிலிருந்து யாரும் பார்க்க வரவில்லை. நாங்கள் கூப்பிடவும் இல்லை. சுவரின் காலை வெட்டித் திறந்து கம்பி சேர்த்துத் திரும்பக் கட்டினோம். தட்டுப் போட்டோம். அதன் பிறகு மண் போட்டோம்.

"சேர்," என்றார் ஓவசியர், அன்று வெடிப்பின் முன்னால் குந்தியிருந்தபோது, "அண்டைக்கு நீங்க சொல்லாட்டியும் நான் ஒருத்தருக்கும் சொல்லியிருக்க மாட்டன்."

"தெரியும்."

"எனக்கும் மேல தட்டு இல்ல எண்டு ஒரு யோசனை இரிந்த. நீங்க போடச் சொன்னதால பேசாம விட்டிற்றன்."

செருகிய குற்றியை உருவி எடுத்தேன். அந்த வெடிப்பைவிட அது ஆழமாகப் போயிற்று. அவருக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் சொல்ல இடமிருக்கவில்லை. அந்த இடத்தை அடைத்து வைத்திருந்தவன் நான். அன்றிலிருந்து தளத்திலிருந்து யார் எதைக் கேட்டாலும், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று முதலில் கேட்கப் பழகினேன். பணிவு என்று நினைத்துவிடாதீர்கள். பயம்தான். என் வரைபடங்கள் எல்லாவற்றிலும், தட்டுப் போட்டு இறுகும்வரை சுவருக்குப் பின்னால் மண் போடக்கூடாது என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கும். என்னோடு வேலைசெய்த இளையவர்கள், இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அதை அழிக்கப் பார்ப்பார்கள். நான் திரும்ப எழுதுவேன்.

அடுத்த வருடம் சடங்குக்கு வண்ணக்கர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஒழுங்கை முழு அகலத்தில் கிடந்தது. கால் வந்தது, பின்னால் முன்னூறு பேர் வந்தார்கள். நான் நடுவில் எங்கோ நடந்தேன். போன வருடம் தார் சுடுகுது என்று என்னை ஏசிய பெண் பக்கத்தில் வந்தாள். குழந்தை இப்போது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. இந்தத் தடவை யாரோ அவளுக்கு என்னைக் காட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"நீங்கதானா அந்த எஞ்சினியர்? போன வருசம் எங்கள றோட்டால சுத்த வெச்ச ஆள்?"

"ஓம்."

அவள் சுவர் இருந்த பக்கத்தைப் பார்த்தாள். குழந்தை புதுக் கிரவலைக் காலால் எற்றிக்கொண்டு வந்தது.

"சும்மா ஒரு அலைச்சல். சுவர் விழவே இல்லையே!"

"ஓம்," என்றேன். "விழல்ல."